வெயிலில் ஓடிய வைப்பர்

7

மணி ஒன்று நாற்பது. நான்கு மணிக்கு உசாமி ஃபுமியே விபத்து அறிக்கையில், கையெழுத்துக்குப் பதிலாக, தன் பெயர் முத்திரையைக் குத்தியாக வேண்டும். குத்திவிட்டால், தூக்கக் கலக்கத்தில் தவறான பக்கம் வண்டியை விட்டு உயிரை விட்ட டெஸ்ட் டிரைவர் என்ற பெயரோடு அவள் கணவன் காலத்துக்கும் ஏட்டில் நிற்பான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஐரோப்பாவில் மினேகாவா மோட்டார் கம்பெனியின் புதுக் குட்டிக் கார் 'டெரோ' மேடை ஏறுகிறது. அதை உருவாக்கியவர்கள் பெயரெல்லாம் அச்சான புத்தகம் தயார். ஆறு வருடம் ஸ்பெயினில் தனியாகக் கிடந்து அந்தக் காரை ஓட்டி ஓட்டிப் பதப்படுத்திய உசாமியின் பெயர் மட்டும் அதில் இல்லை.

துப்பறியும் சொனோதா, கம்பெனி வாசலில் நின்ற பழைய காரில் உட்கார்ந்து சிக்குவா மீன் சுருளை மென்றுகொண்டிருந்தாள். டொயோஹாஷி ஊர்க்காரர்கள் அதை வாயில் வைத்ததும் கண்ணை மூடி ரசிப்பார்கள். சொனோதாவுக்கு அக்டோபரில் அம்மா இறந்ததிலிருந்து எதுவும் ருசிக்கவில்லை. அழுகையும் வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டாள். நல்ல அறிக்கை என்று பாராட்டுக்கூட வந்தது.

"மேடம், மெல்லுறது மீனா டயரா? உங்க முகத்தைப் பாத்தா கண்டுபிடிக்க முடியலை" என்றார் ஸ்டியரிங் பின்னால் இருந்த தொகாஷி.

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா அண்ணே?"

"விலையில இருக்கு. டயரு கொஞ்சம் உழைக்கும்."

தொகாஷி இருபத்தேழு வருடம் டாக்சி ஓட்டியவர். வயது ஐம்பத்தெட்டு. முழங்கால், இடுப்பு, காது மூன்றும் ஓய்வு பெற்றுவிட்டன. வாய் மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது. சொனோதாவுக்கு உதவியாளர் வேலைக்கு அவர் வந்ததே அந்த வாய்க்கு ஒரு துணை வேண்டும் என்பதற்காகத்தான்.

டேஷ்போர்டின் மேல் ஒரு பத்திரிகைப் பக்கம் கிடந்தது. வெளிவராத கார்களை ஒளிந்திருந்து படம் பிடித்து விற்கிற புகைப்படக்காரன் ஒருவன், ஸ்பெயினில் ஒரு மலைச் சாலைச் சந்திப்பில் எடுத்த படம். விபத்துக்குச் சரியாக இருபது நிமிடம் முன்னால். உருவம் தெரியாமலிருக்க உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டிய டெரோ, சந்திப்பில் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்ததில் உள்ளே இருப்பவர் முகம் தெரியவில்லை. சொனோதா மூன்று நாளாக அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டாள்.

தொகாஷி அதை இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையில் எடுத்தார்.

"ஸ்பெயின்ல அன்னிக்கு மழையா மேடம்?"

"நல்ல வெயில். நிழல் எப்படி விழுந்திருக்கு பாருங்க."

"அப்ப எதுக்கு இந்தாளு வைப்பரைப் போட்டுக்கிட்டுப் போறாரு?"

சொனோதா மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணாடியின் நடுவில் இரண்டு வைப்பர்களும் பாதித் தூரம் எழும்பி நின்றன. திரும்புகிற வண்டிக்கு எரிய வேண்டிய ஓர விளக்கு எரியவில்லை.

"தூசியைத் துடைக்கவா இருக்கும்" என்றாள்.

"தூசின்னா தண்ணி பீச்சியிருக்கணும். கண்ணாடி காஞ்சு கிடக்கு." தொகாஷி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு பல் டாக்டரு இருந்தாரு. ஆசைப்பட்டு ஜெர்மன் கார் வாங்கினாரு. நம்ம வண்டியில ஸ்டியரிங்கை ஒட்டித் திரும்புற விளக்குக்குக் குச்சி வலது கைப்பக்கம், வைப்பருக்கு இடது கைப்பக்கம். அந்த ஊர் வண்டியில அப்படியே தலைகீழ். மனுஷன் மூணு மாசம், ஒவ்வொரு திருப்பத்துலயும் வெயில்ல வைப்பரைப் போட்டாரு. அந்தத் தெருவுலயே சுத்தமான கண்ணாடி அவரோடதுதான்."

"டெரோ?"

"அங்க ஓட்டினது அந்த ஊருக்குன்னு செஞ்ச டெரோ. குச்சி மாத்தித்தான் வெச்சிருப்பாங்க. இதை ஓட்டுற ஆளு விளக்குப் போடுறதா நினைச்சுக்கிட்டு வைப்பரைத் தட்டியிருக்காரு. கை இன்னும் ஜப்பான்லயே இருக்கு."

உசாமிக்கு ஸ்பெயினில் ஆறு வருடம். தினம் முந்நூறு கிலோமீட்டர். அவன் கை இந்தத் தப்பைச் செய்யாது. சாலையின் தவறான பக்கத்துக்கும் போகாது. ஆகவே ஓட்டியது உசாமி இல்லை. ஏழு வாரமாக எல்லோரும் செத்தவன் தலையில் கட்டிக்கொண்டிருந்த பழி, ஒரு டாக்சிக்காரரின் பல் டாக்டர் கதையில் கழன்று விழுந்தது. இந்த மாதிரி நேரங்களில் முன்பெல்லாம் சொனோதாவுக்கு நெஞ்சு படபடக்கும். இப்போது அது கடிகாரம் மாதிரித்தான் அடித்தது.

அவள் அறிக்கையின் நகலைப் புரட்டினாள். "இங்க பாருங்க. டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் முன்னால தள்ளியிருந்துச்சு, மோதின வேகத்துல நகர்ந்திருக்கலாம்னு எழுதியிருக்காங்க. உசாமி ஆறடி ஆள்."

"மோதின வேகத்துல சீட்டு நகரும். ஆளு குள்ளமாயிருவானா?"

"உதவிக்கு ஆள் வந்தப்ப உசாமி வண்டிக்கு வெளிய, புல்லுல உட்கார்ந்திருந்திருக்கார். 'நான்தான் ஓட்டினேன்'னு அவரே சொல்லியிருக்கார். அவர் சொன்னதை வெச்சுத்தான் மத்ததையெல்லாம் பொருத்தி எழுதியிருக்காங்க." அவள் அறிக்கையை மூடினாள். "ஜப்பான்லேர்ந்து புதுசா போன ஆள். குள்ளம். உசாமி பொய் சொல்லிக் காப்பாத்துற அளவுக்கு வேண்டப்பட்ட ஆள், இல்லைன்னா பெரிய இடம்."

"நிரசாகி" என்றார் தொகாஷி உடனே. "வெளிநாட்டு விற்பனை டைரக்டர். பேச மேடை ஏறினா மைக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாரம் ஸ்பெயின்லதான் இருந்தாரு."

நிரசாகியின் அறைச் சுவர் முழுக்க டெரோ. ஒரே கார், ஒன்பது மொழி. ஜப்பானியப் படத்தில் காய்கறிப் பையும் குழந்தையுமாக ஓர் அம்மா ஏறிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் படத்தில் கடற்கரை, நாய், செருப்பில்லாத பெண். ஜெர்மன் படத்தில் மனித வாடையே கிடையாது, வெள்ளைத் தாளில் ஒரு சக்கரமும் அதன் ஸ்பிரிங்கும் மட்டும்.

"ஒரே வண்டிக்கு ஒன்பது வேஷமா? எங்க ஸ்டாண்டுல இப்படி ஒருத்தன் இருந்தான். இப்ப உள்ள இருக்கான்" என்றார் தொகாஷி.

நிரசாகி சிரிக்கவில்லை. ஐம்பது வயது, கச்சிதமான சின்ன உருவம், பல நாள் தூங்காத கண். "ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பயம் இருக்கு. நம்மூர்ல வண்டியைத் தெருவுக்குள்ள திருப்ப முடியுமான்னு பயம். ஐரோப்பாவுல, ஜப்பான் குட்டிக் கார் வேகமாப் போனா ஆடும்னு பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் ஆறு வருஷம் அவங்க சாலையிலயே ஓட்டினோம். அங்க எங்க விளம்பரம் ஒரே வரி. 'உங்கள் சாலையில் வளர்ந்தது.'"

"வளத்தது யாரு சார்?" என்று கேட்டாள் சொனோதா.

அவர் மேஜையைப் பார்த்தார். "உசாமி."

அவள் படத்தை முன்னால் வைத்து வைப்பரைத் தொட்டுக் காட்டினாள். சீட்டைப் பற்றியும் சொன்னாள். நிரசாகி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அன்னிக்கு மதியம் அந்த வண்டியை ஓட்டிப் பாக்கணும்னு கேட்டீங்களா சார்?"

"அன்னிக்கு மதியம் நாப்பது டீலர்களுக்கு விருந்து குடுத்துக்கிட்டிருந்தேன். நாப்பது பேரையும் கேளுங்க." கொஞ்சம் தயங்கினார். "அதை விடுங்க. எனக்கு லைசென்ஸே இல்ல."

"புரியலை."

"டிரைவிங் பரீட்சை மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் பெயில். அதுக்கப்புறம் விட்டுட்டேன். அறுபது நாட்டுல கார் விக்கிறவனுக்குக் காரோட்டத் தெரியாது. இது வெளிய போகக் கூடாது."

"போகாது சார்" என்றார் தொகாஷி. "மீன் வாடை ஆகாதவரு மீன் கடை வெச்சிருக்காருன்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

சொனோதா வேறு வழியில் போனாள். "அந்த வாரம் இங்கேர்ந்து வேற யாரு போனாங்க?"

"கம்பெனி ஆளுங்கள்ல நான் மட்டும்தான். உசாமியைப் பத்தி ஒண்ணு சொல்றேன். எங்க பிரசிடென்ட்டே ஒரு தடவை அங்க போய், கொஞ்ச தூரம் ஓட்டத் தர்றியான்னு ஸ்டியரிங்குக்குக் கை நீட்டினாரு. 'பயிற்சி எடுக்காதவங்களுக்குத் தர முடியாது'ன்னுட்டான். விதின்னா அவனுக்கு விதிதான். வெளி ஆளை அந்த வண்டியில ஏத்தினாலே டீம் மொத்தத்தையும் கலைச்சிடுவாங்க, அது அவனுக்குத் தெரியும்." நிரசாகி எழுந்தார். "மேடம், இதை இங்கயே விட்டுடுங்க. நாலு மணிக்கு அந்தம்மா முத்திரை குத்தட்டும். அதுதான் நல்லது."

"அவங்களுக்கா, டெரோவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்" என்றார் நிரசாகி. காரையும் ஓர் ஆளாக எண்ணிவிட்டது அவருக்கே தெரியவில்லை.

நடைபாதையில் காப்பி மெஷின் இருந்தது. தொகாஷி சூடான டின் ஒன்றை வாங்கி சொனோதா கையில் திணித்தார். மணி மூன்று இருபத்தைந்து. பிடித்த கயிறு அறுந்துவிட்டது. ஜப்பானிலிருந்து புதிதாகப் போன குள்ளமான ஆள் வேண்டும், அப்படி ஒருவரும் போகவில்லை.

"பிரசிடென்ட்டுக்கே தராதவன்" என்றாள் சொனோதா. "இத்தனை வருஷம் ஒரு விதியையும் மீறாத ஆள், யாருக்காக மீறுவான்?"

"என்னைக் கேட்டா? இருபத்தேழு வருஷத்துல என் டாக்சி ஸ்டியரிங்ல எவனையும் கை வைக்க விட்டதில்ல மேடம். ரவுடி ஒருத்தன் கத்தியைக் காட்டினான், அப்பவும் விடல. ஒரே ஒரு ஆளுதான், 'மீட்டரை அணைச்சுட்டு அந்தப் பக்கம் நகரு'ன்னு தள்ளிட்டு வந்து உக்காந்தது. ஆறு கிலோமீட்டர் ஓட்டினா. கூடவே 'இதுக்கா இத்தனை அலட்டல்'னு ஒரு குத்தல் வேற."

"யாரு?"

"என் பொண்டாட்டி. வேற யாருக்கு அந்தத் தைரியம்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். சொனோதா காப்பி டின்னைத் திறக்காமல் மெஷின் மேலேயே வைத்தாள்.

"மேடம், நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"தெரியும்."

"அந்தம்மாதானே நமக்கு வேலையே குடுத்தாங்க!"

"அதுவும் தெரியும். நீங்க இங்கயே இருங்க அண்ணே."

காத்திருப்பு அறையில் ஃபுமியே தனியாக இருந்தாள். கறுப்பு உடை, மடியில் கைப்பை. சோபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் அவள் குதிகால் தரையில் படாது என்பதால் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மூடி போட்டு வைத்த தேநீர் திறக்கப்படவே இல்லை. இந்த மூன்று வாரத்தில் சொனோதா அவளை ஐந்து முறை பார்த்திருக்கிறாள். ஐந்து முறையும் முகம் இதே மாதிரித்தான் இருந்தது. துக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. தன் முகத்தையே பார்ப்பது போலிருந்ததால்தான் சொனோதா அதை இதுவரை சந்தேகிக்கவில்லை. அந்த நினைப்பில் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஸ்பெயின்ல அன்னிக்கு வெயில் எப்படி இருந்துச்சு ஃபுமியே?"

ஃபுமியே அவளைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றாள். "ஜனவரி மாதிரியே இல்லை."

வெளியே யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்ததும் ஃபுமியே தொடர்ந்தாள்.

"புத்தாண்டுக்கு அவருக்கு லீவு கிடைக்கல. ஆறு வருஷத்துல முதல் தடவையா நான் போனேன். கம்பெனிக்குச் சொல்லல, என் டிக்கெட், என் செலவு. ஒரு வாரம். கடைசி நாள், ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு விமானம்." ஃபுமியே யாருடைய கதையையோ சொல்வது போல் சொன்னாள். "ஆறு வருஷமா அங்க என்னதான் செய்யறீங்கன்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவருக்குப் பேச வராது. ஒரு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்துவாராம், ஓட்டுவாராம், திரும்ப இறுக்குவாராம், ஓட்டுவாராம். எனக்கு ஒண்ணும் புரியல. அன்னிக்கு வண்டியை ஓரமா நிறுத்திட்டு, 'சொல்லத் தெரியல, நீயே பிடிச்சுப் பாரு'ன்னாரு. நான் வேணாம்னேன். 'இது உன் உயரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் செஞ்சது, நீ ஓட்டாம யாரு ஓட்டுறது'ன்னு இறங்கிட்டாரு."

"எப்படி இருந்துச்சு வண்டி?"

"ஆடவே இல்ல." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "மலைத் திருப்பத்துல, அவ்வளவு வேகத்துல, ஒரு தட்டுல தண்ணி வெச்சா சிந்தாது. அவர் என் முகத்தையே பாத்துக்கிட்டு வந்தாரு. நல்லா இருக்குன்னு சொன்னேன். நான் நல்லா இருக்குன்னு சொன்னா அவர் அவ்வளவு சந்தோஷப்படுவாருன்னு எனக்குத் தெரியாது."

"அப்புறம்?"

"ஒரு குறுகின பாலம். ஒரு வண்டிதான் போகலாம். அதைத் தாண்டி ரோடு அகலமானதும் என் கை தானா இடப்பக்கம் போயிடுச்சு. நம்மூர்ல அதானே நம்ம பக்கம், அங்க வலப்பக்கம். எதிர்ல பெரிய லாரி. ஒதுக்கினேன், அவர் பக்கம் மரத்துல மோதிடுச்சு. லாரிக்காரன் நிக்கல. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல. அவரும் நடந்துதான் வெளிய வந்தாரு. விலா எலும்புல ஒண்ணு போயிருக்கும்னு சிரிச்சாரு. 'நீ இருந்தது தெரிஞ்சா டீம் மொத்தமும் போயிடும். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டேன், அதுக்கு முன்னாடியே தினமும் இந்தப் பக்கம் வர்ற பால்காரரோட வண்டி வந்துடும். நீ கீழ இறங்கிப் போய் பஸ் பிடி, விமானத்தைத் தவற விடாதே. திரும்பிப் பாக்காம போ'ன்னாரு. நான் போனேன்."

"விமானத்துல ஏறினீங்க."

"ஏறினேன். சாப்பாடு குடுத்தாங்க, சாப்பிட்டேன். இங்க வீட்டுக் கதவைத் திறந்தப்ப போன் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நிரசாகி சார். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்காம், நேத்தே போயிட்டாருன்னாரு."

சொனோதாவுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "எல்லாம் தெரிஞ்சும் என்னை எதுக்கு வேலைக்கு வெச்சீங்க?"

"நானே சொன்னா அவர் பேச்சை மீறினதாயிடும். நீங்க கண்டுபிடிச்சா மீறினதாகாதுன்னு நினைச்சேன்." ஃபுமியே கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "ரொம்ப லேட் பண்ணிட்டீங்க மேடம். ஒவ்வொரு தடவையும் இன்னிக்குக் கேட்டுடுவீங்க, கேட்டுடுவீங்கன்னு வந்தேன்."

"ஒண்ணும் தெரியலைன்னு நான் எழுதிக் குடுத்துட முடியும். எனக்கு அதுல கஷ்டமில்ல" என்றாள் சொனோதா. அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

"எனக்கு இருக்கு" என்றாள் ஃபுமியே.

சரியாக நான்கு மணிக்கு நிரசாகி கோப்போடு உள்ளே வந்தார். உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சிவப்பு மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். சொனோதாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சார், வண்டியை ஓட்டினது நான்" என்றாள் ஃபுமியே.

"தெரியும்மா."

இதைச் சொனோதா எதிர்பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு முதல்ல போனது நான்தான்" என்றார் நிரசாகி. "என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் ஓட்டினேன்னு எழுதிக்குங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னான். அப்புறம், 'எட்டு மணி விமானம் கிளம்பிடுச்சா'ன்னு கேட்டான். கிளம்பிடுச்சுன்னேன். சரின்னு கண்ணை மூடினான். அந்த விமானத்துல யாருன்னு நான் கேக்கல. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. வெளி ஆளு ஓட்டினான்னா விசாரணை, விசாரணைன்னா டெரோ ஆறு மாசம் தள்ளிப் போகும். டிரைவர் தூங்கிட்டான்னா ஒரு பக்கத்துல முடிஞ்சு போகும். அவன் கேட்டதும் அதான், எனக்கு வேண்டியதும் அதான். அதனால யோசிக்கவே இல்ல." அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "இன்னும் நேரம் இருக்கு. அவன் ஆசைப்பட்டபடியே இருக்கட்டும்மா."

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். ஜன்மத்துல ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, அதுவும் எனக்காக. ஆறு வருஷம் அந்த ரோட்டுல ஓட்டினவரு தூங்கிட்டாருன்னு எழுதினா, அதைத்தானே எல்லாரும் படிப்பாங்க?"

அவள் பேனாவை எடுத்து, 'ஓட்டியவர்' என்ற இடத்தில் இருந்த கணவன் பெயரை அடித்தாள். பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். முத்திரையை மையில் தொட்டு அதன் கீழே அழுத்தினாள். நிரசாகி தடுக்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி மேல தப்பில்லன்னும் எழுதிக்குங்க" என்றாள். "அது நல்ல வண்டி."

"எழுதறேன்."

"ஒண்ணு கேக்கணும் சார். ஏழு வாரமா கேக்கல."

"கேளுங்கம்மா."

"ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

நிரசாகி சொனோதாவைப் பார்த்தார். சொனோதா தலையை அசைத்தாள்.

"ஐம்பது நிமிஷம். தினமும் அந்தப் பக்கம் வர்ற பால்காரர் ஒருத்தர் அன்னிக்கு வேற ரோட்டுல போயிட்டாராம். அதுவரைக்கும் அங்க யாரும் இல்ல."

ஃபுமியே மெதுவாகத் தலையாட்டினாள். பேனாவை மூடிப் பக்கத்தில் வைத்தாள்.

"பஸ்ஸு வர ஐம்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள். "ஸ்டாப்பு வண்டி மோதின இடத்துக்குக் கீழதான். மேட்டுல ஏறி அவர்கிட்ட திரும்பிப் போனா பத்து நிமிஷம். நான் அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன் சார். திரும்பிப் பாக்காதேன்னாருன்னு, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்."

அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.